ஸ்டாமினா மட்டும் போதாது: அடுத்தடுத்த நாள்ல உயரமான மலை ஏறும்போது உடம்புக்குள்ள என்ன நடக்குது

சபாவுல இருக்கிற கினபாலு மலைக்கு போறேன்னு ஒரு வார்த்தை சொன்னா போதும், கோலாலம்பூர்ல ஆளுக்கு ஒரு அட்வைஸ் வரும். வாரா வாரம் பத்துமலை 272 படியை ஏறி இறங்கு ஒண்ணும் ஆகாதுன்னு ஒருத்தர், மேல ஆக்சிஜனே இருக்காது பனடால் எடுத்துட்டு போன்னு இன்னொருத்தர், மரத்தான் ஓடுற பையனுக்கு என்ன பயம்னு ஒரு மாமா. எல்லாத்துலயும் கொஞ்சம் உண்மை இருக்கு, ஆனா உயரத்தால வர்ற பிரச்சனையையும் கால் அசதியையும் ஒரே மூட்டையில கட்டிடுறாங்க, அதனாலதான் நல்லா ஓடுற பிள்ளைங்க மேல போய் வாந்தி எடுத்து படுத்துடுறப்ப, அவங்க கூட வந்த ஐம்பது வயசு அக்கா நிதானமா உச்சிக்கு போய்ட்டு வர்றாங்க, இது எப்படின்னு யாருக்கும் புரியறதில்ல.

இப்பெல்லாம் பத்து நாள் லீவு கிடைச்சா ஒரு மலையோட யாரும் நிறுத்துறதில்ல. ஜாவா போய் சிண்டோரோ, சும்பிங் ரெண்டையும் அடுத்தடுத்த நாள் ஏறுறாங்க, நேப்பாளத்துல ஒரு வாரத்துக்கு மேல தினமும் ஏறிக்கிட்டே போறாங்க. கடல் மட்டத்துக்கு பக்கத்துலயே வாழ்ந்து பழகின நமக்கு இப்படி தொடர்ந்து ஏறும்போது உடம்புல ரெண்டு கணக்கு ஓடுது. ஒண்ணு மூச்சோட கணக்கு, இன்னொண்ணு காலோட கணக்கு. நாள் ஆக ஆக மூச்சு தேறும், கால் தேயும். இந்த ரெண்டையும் பிரிச்சு பார்க்கத் தெரிஞ்சா பாதி ஆபத்து குறைஞ்சிடும்.

மேல ஆக்சிஜன் கம்மின்னா என்ன அர்த்தம்

நம்ம ஊர் பழைய ஃபிளாட்ல இருந்தவங்களுக்கு இது நல்லா தெரியும். தண்ணி டாங்க் மொட்டை மாடியில இருக்கும். கீழ் வீட்ல பைப்பை லேசா திறந்தாலே தண்ணி சீறிக்கிட்டு வரும், டாங்குக்கு நேர் கீழ இருக்கிற கடைசி மாடியில முழுசா திறந்தாலும் நூல் மாதிரிதான் ஒழுகும். ரெண்டும் ஒரே தண்ணிதான். கீழ் வீட்டு பைப்புக்கு மேல அத்தனை மாடி உயரத்துக்கு தண்ணி நின்னு அமுக்குது, மேல் வீட்டுக்கு அமுக்குற தண்ணி கொஞ்சம்தான், அதனால ஒரு பக்கெட் நிரம்பவே நேரமாகுது.

காத்தும் அப்படித்தான். நம்ம தலைக்கு மேல பல கிலோமீட்டர் உயரத்துக்கு காத்து நிக்குது, அதோட எடை நம்மள அமுக்குது, அந்த அமுக்கத்துக்குதான் காற்றழுத்தம்னு பேரு. மலை ஏற ஏற தலைக்கு மேல இருக்கிற காத்து குறையுது, அழுத்தமும் குறையுது. காத்துல ஆக்சிஜனோட பங்கு கோலாலம்பூர்லயும் 21 சதவீதம்தான், எவரெஸ்ட் உச்சியிலயும் 21 சதவீதம்தான், மேல ஆக்சிஜனே இல்லன்னு சொல்றது தப்பு. நுரையீரல்லேர்ந்து ரத்தத்துக்குள்ள ஆக்சிஜனைத் தள்ளி விடுற அமுக்கம்தான் குறைஞ்சு போகுது.

கேமரன் மலைக்கு காடியில போறப்ப சிப்ஸ் பாக்கெட் உப்பிக்கிட்டு பலூன் மாதிரி ஆகுறதை நிறைய பேர் பார்த்திருப்பீங்க, பாக்கெட்டுக்குள்ள அடைச்சு வச்ச காத்து கீழ் ஊர் அழுத்தத்துல இருக்கு, வெளிய அழுத்தம் குறைஞ்சிடுச்சு, அவ்வளவுதான். கெந்திங் மலை ஏறக்குறைய 1,800 மீட்டர், அங்க அழுத்தம் கடல் மட்டத்துல இருக்கிறதுல ஐஞ்சுல நாலு பங்கு, அதனாலதான் அங்க போய் சாப்பிட்டு சுத்திட்டு வர்றதுல நமக்கு ஒண்ணும் தெரியறதில்ல. கினபாலுல ராத்திரி தங்குற பனலாபான் 3,270 மீட்டரை ஒட்டி இருக்கு, அங்க மூணுல ரெண்டு பங்கு. கினபாலு உச்சி 4,095 மீட்டர், கிட்டத்தட்ட 60 சதவீதம். எவரெஸ்ட் பேஸ் கேம்ப் 5,364 மீட்டர், அங்க ஏறக்குறைய பாதிதான், எவரெஸ்ட் உச்சியில மூணுல ஒரு பங்குதான்.

சுருக்கமா சொன்னா, மேல ஆக்சிஜனோட விகிதம் மாறல, அதைத் தள்ளுற அமுக்கம் குறையுது, அதனால ஒவ்வொரு மூச்சுலயும் ரத்தத்துக்கு போய் சேர்றது கம்மி.

உடம்பு இதை எப்படி சமாளிக்குது

கழுத்துல மூளைக்கு போற பெரிய ரத்தக்குழாய் ரெண்டா பிரியுற இடத்துல அரிசி அளவுக்கு ஒரு உறுப்பு இருக்கு, ரத்தத்துல ஆக்சிஜன் குறைஞ்சா முதல்ல கண்டுபிடிக்கிறது அதுதான். இந்த மாதிரி உணர்ற உறுப்புகளைப் பத்தின ஆராய்ச்சிக்குதான் கார்னில் ஹேமன்ஸுக்கு 1938-ஆம் வருஷ நோபல் பரிசு கிடைச்சது. அது மூளைக்கு சேதி அனுப்பும், மூளை உடனே மூச்சை வேகமாவும் ஆழமாவும் இழுக்க வைக்கும், அதாவது மேல் மாடியில பைப்பை இன்னும் கொஞ்சம் திறந்து விடுற மாதிரி. இது சில நிமிஷத்துலயே நடந்துடும்.

ஆனா இதுல ஒரு சிக்கல் இருக்கு, பெரும்பாலும் யாரும் சொல்லாத விஷயம் இது. வேகமா மூச்சு விட்டா உள்ள இருக்கிற கரியமிலவாயுவும் அதிகமா வெளிய போயிடும், அது போனா ரத்தத்தோட அமிலத்தன்மை குறைஞ்சு காரத்தன்மை கூடும், இது மூளைக்கு பிடிக்காது, "போதும், மெதுவா மூச்சு விடு"ன்னு பிரேக் போடும். அப்ப ஒரு பக்கம் ஆக்சிஜன் வேணும்னு ஆக்சிலேட்டர், இன்னொரு பக்கம் பிரேக். முதல் ராத்திரி தூக்கத்துல இந்த இழுபறி நல்லா தெரியும், கொஞ்ச நேரம் வேக வேகமா மூச்சு, அப்புறம் சில செகண்ட் மூச்சே நின்ன மாதிரி, அப்புறம் திடுக்குன்னு முழிப்பு. பக்கத்து பங்க் பெட்ல படுத்திருக்கிறவர் பயந்துடுவார், ஆனா அந்த உயரத்துல இது சாதாரணம்.

இந்த பிரேக்கை தளர்த்தி விடுறது சிறுநீரகம். ரத்தத்துல கூடிப்போன காரத்தை கொஞ்சம் கொஞ்சமா சிறுநீர்ல வெளியேத்தும், அதனாலதான் மேல போனதும் அடிக்கடி பாத்ரூம் வரும், அது நல்ல அறிகுறிதான். இந்த வேலை முடிய ரெண்டு மூணு நாளோ அதுக்கு மேலயோ ஆகும், அதுக்கு குறுக்கு வழி கிடையாது. இன்னொரு பக்கம், ஆக்சிஜன் குறைஞ்சதை உணர்ந்த சில மணி நேரத்துலயே சிறுநீரகம் புது சிவப்பணு செய்யச் சொல்லி ஒரு ஹார்மோனை விடும், ஆனா அப்படி உருவாகுற ரத்தம் கணக்குல சேர வாரக்கணக்காகும். ஒரு வார ட்ரிப்ல உங்களைக் காப்பாத்துறது புது ரத்தம் இல்ல, மூச்சு பழகுறதுதான். உயரத்துக்கு உடம்பு இப்படி படிப்படியா பழகுறதை மலை ஏறுறவங்க அக்ளிமடைசேஷன்னு சொல்வாங்க, நான் கீழ பழக்கம்னே எழுதுறேன்.

1997 மே 23 அன்னிக்கு எவரெஸ்ட் உச்சியை முதல்ல தொட்ட மலேசியர்கள் நம்ம எம். மகேந்திரனும் என். மோகனதாஸும், அந்த நாள் நம்ம வீடுகள்ல எவ்வளவு பெருமைன்னு பெரியவங்களைக் கேட்டா சொல்வாங்க. அந்த மாதிரி எக்ஸ்பெடிஷன் ஏன் ரெண்டு மாசம் எடுக்குதுன்னா, பேஸ் கேம்ப்லேர்ந்து மேல ஒரு கேம்ப் ஏறி திரும்ப இறங்கி, மறுபடி அதுக்கு மேல ஏறி இறங்கின்னு உடம்பை பழக்குறதுலயே பெரும்பகுதி நேரம் போயிடும், உச்சிக்கு ஏறுறது கடைசி சில நாள்தான். அவ்வளவு பயிற்சி எடுத்தவங்களுக்கே உடம்பு தனக்கு வேண்டிய நாளை கேட்டு வாங்கிக்குது.

ஆக, ஸ்டாமினாங்கிறது இதயமும் தசையும் சம்பந்தப்பட்டது, பழக்கங்கிறது மூச்சும் சிறுநீரகமும் ரத்தமும் சம்பந்தப்பட்டது. முன்னதை கோலாலம்பூர்ல சம்பாதிக்கலாம், பின்னது மேல போனாத்தான் வரும். சொல்லப்போனா ஃபிட்டா இருக்கிறவங்களுக்கு ஒரு ஆபத்து கூடுதல், கால் தாங்குதுன்னு வேகமா ஏறி, உடம்பு பழகுறதுக்கு முன்னாடியே உயரத்துக்கு போயிடுவாங்க.

எங்க தூங்குறீங்கங்கிறதுதான் முக்கியம்

பகல்ல எவ்வளவு உயரம் தொட்டீங்கங்கிறதை விட ராத்திரி எந்த உயரத்துல படுத்தீங்கங்கிறதுதான் உடம்புக்கு பெருசு, ஏன்னா தூக்கத்துல மூச்சு இன்னும் குறையும், அதுவும் பல மணி நேரம் தொடர்ந்து. மலை மருத்துவம் பார்க்குற டாக்டர்கள் சொல்ற பொது விதி: 3,000 மீட்டர் தாண்டினப்புறம் தூங்குற உயரத்தை ஒரு ராத்திரிக்கு 500 மீட்டருக்கு மேல கூட்டாதீங்க, மூணு நாலு நாளைக்கு ஒரு தடவ அதே இடத்துல இன்னொரு ராத்திரி தங்குங்க. பகல்ல அதை விட மேல போய்ட்டு வர்றது தப்பில்ல, நல்லதுதான்.

எவரெஸ்ட் பேஸ் கேம்ப் போறவங்க வழியில நாம்சேங்கிற ஊர்ல, 3,440 மீட்டர்ல, ஏன் ரெண்டு ராத்திரி தங்குறாங்கன்னா இதுக்காகத்தான், நடுவுல ஒரு நாள் 3,880 மீட்டர் வரைக்கும் ஏறிப் பார்த்துட்டு திரும்பி வந்து நாம்சேலயே தூங்குவாங்க. ஒரு நாள் வீணா போகுதேன்னு அதை வெட்டச் சொல்லி ஏஜெண்ட்கிட்ட பேரம் பேசுறாங்க பாருங்க, அது மட்டும் வேணவே வேணாம், ஹோட்டல்லயோ போர்ட்டர்லயோ மிச்சம் பிடிங்க, அந்த நாள்ல கை வைக்காதீங்க.

கினபாலு இந்த விதிக்கு அடங்காத மலை. முதல் நாள் ராத்திரி குண்டாசாங் பக்கம் ஏறக்குறைய 1,500 மீட்டர்ல படுத்தவர், மறுநாள் மலைப்பாதை ஆரம்பிக்கிற திம்போஹோன் கேட்லேர்ந்து நடந்து 3,270-ல படுக்கிறார், நடு ராத்திரி எழுந்து 4,095-க்கு ஏறுறார். உயரத்தால வர்ற தலைவலி பொதுவா மேல வந்து சேர்ந்த 6-லேர்ந்து 12 மணி நேரத்துலதான் ஆரம்பிக்கும். மத்தியானம் மூணு மணிக்கு பனலாபான் வந்தவருக்கு அது சரியா ராத்திரி ஒன்பது மணிக்கு மேல, இல்லன்னா ரெண்டு மணிக்கு பசியாற உட்காரும்போது வந்து நிக்கும். சாயங்காலம் சூரியன் மறையுறதை போட்டோ எடுத்துக்கிட்டு ஜம்முன்னு இருந்தவர் ராத்திரி துவண்டு போறதுக்கு காரணம் இதுதான். காப்பாத்துறது என்னன்னா, உச்சி தொட்ட அன்னிக்கே எல்லாரும் கீழ இறங்கிடுறாங்க.

அமெரிக்காவுல கொலராடோ மாநிலத்துல 14,000 அடிக்கு மேல, அதாவது 4,267 மீட்டருக்கு மேல, ஐம்பதுக்கும் மேற்பட்ட மலை இருக்கு. ஹூஸ்டன் மாதிரி சமவெளியில படிக்கிற நம்ம பிள்ளைங்க லீவுக்கு அங்க போய் தினம் ஒரு மலைன்னு ஏறப் பார்ப்பாங்க. 1,600 மீட்டர்ல இருக்கிற டென்வர்ல ரெண்டு ராத்திரி படுத்துட்டு, அப்புறம் 2,500 மீட்டர் பக்கம் ஒரு ஊர்ல தங்கி ஏற ஆரம்பிச்சா ஒரு மாதிரி. வந்து இறங்கின அன்னிக்கே 3,094 மீட்டர்ல இருக்கிற லெட்வில் ஊர்ல ரூம் போட்டு விடியக்காலையில மலைக்கு கிளம்பினா வேற மாதிரி. ஏறுற மலை அதேதான், தூங்கின இடம் மாறினதால உடம்பு மாறுது.

மலை நோய்: எது சாதாரணம், எது ஆபத்து

மேல போன புதுசுல தலைவலி, அதோட குமட்டல், சோறு பிடிக்காம போறது, தலைசுத்தல், அளவுக்கு மீறின அசதி, இதெல்லாம் சேர்ந்து வந்தா அது ஏ.எம்.எஸ்., உயரத்துக்கு உடம்பு இன்னும் பழகலைங்கிறதோட முதல் அறிகுறி. சாப்பாட்டு நேரத்துல கவனிச்சா பிடிச்சிடலாம். சூப் பிளேட் முன்னாடி ஆறிப்போயிருக்கும், கரண்டியால சோத்தை ஓரமா தள்ளிக்கிட்டே இருப்பார், என்னப்பான்னு கேட்டா "பசியில்ல அண்ணே"ன்னுவார், ரெண்டு விரலால நெத்தியை அமுக்கிக்கிட்டு இருப்பார், ஜாக்கெட்டைக் கூட கழட்டியிருக்க மாட்டார். இவரை இன்னும் மேல கூட்டிட்டு போகக்கூடாது. அதே உயரத்துல ஓய்வெடுத்தா பெரும்பாலும் ஒண்ணு ரெண்டு நாள்ல சரியாயிடும். சரியாகாம கூடிக்கிட்டே போனா இறக்கணும்.

இது முத்தி மூளை வீங்கினா ஹேஸ்னு சொல்வாங்க. ஆள் குடிச்ச மாதிரி தள்ளாடுவார், பேச்சு குழறும், கேட்டதுக்கு சம்பந்தமில்லாம பதில் சொல்வார். தரையில ஒரு கோடு பார்த்து, ஒரு பாதத்தோட குதிகாலை இன்னொரு பாதத்தோட விரலை ஒட்டி வச்சு நடக்கச் சொல்லுங்க, நல்லா இருக்கிறவங்க அசதியிலயும் நடந்துடுவாங்க, இவரால முடியாது. நுரையீரல்ல தண்ணி கோத்தா அது ஹேப். உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கும், இருமல் விடாது, அப்புறம் சளி நுரையா, இளஞ்சிவப்பா வரலாம். இந்த ரெண்டும் உயிரை எடுக்கும். ராத்திரி ஆனாலும் மழை பெஞ்சாலும் உடனே கீழ இறக்கணும், கூட ஆள் போகணும், தனியா அனுப்பக் கூடாது. 300 மீட்டர், 500 மீட்டர் இறங்கினாலே நிறைய பேருக்கு வித்தியாசம் தெரியும், தேறுற வரைக்கும் இறங்கிக்கிட்டே இருக்கணும்.

தொடர்ந்து ஏறுறவங்க இங்க ரொம்ப கவனமா இருக்கணும். ஹேப் பொதுவா புது உயரத்துக்கு போன ரெண்டாவது ராத்திரியிலேர்ந்து நாலாவது ராத்திரிக்குள்ள வரும். அதே நாள்லதான் கால் வலியும் அசதியும் உச்சத்துல இருக்கும், அதனால மூணாம் நாள் ஒருத்தர் பின்தங்கினா "நேத்து ஏறின களைப்பு, பனி ஒத்துக்கல"ன்னு கூட வர்றவங்க சமாதானம் சொல்லிடுவாங்க. பிரிச்சு பார்க்க வழி இருக்கு. பத்து நிமிஷம் உட்கார வைங்க. கால் அசதின்னா மூச்சு இயல்புக்கு வந்துடும், பேசுவார், பிஸ்கட் சாப்பிடுவார், எழுந்திருக்கும்போதுதான் தொடை வலிக்குதுன்னுவார். உட்கார்ந்த பிறகும் மூச்சு அடங்கலன்னா அது களைப்பு இல்ல.

சுருக்கம் இதுதான்: தலைவலியோட மேல ஏறாதீங்க, கூடினா இறங்குங்க, தள்ளாட்டமோ உட்கார்ந்த இடத்துல மூச்சுத்திணறலோ இருந்தா அந்த நிமிஷமே இறங்குங்க.

காலோட கணக்கு

ஏறும்போது மூச்சு வாங்கும், ஆனா தசையை கிழிக்கிறது இறக்கம்தான். இறங்கும்போது முன் தொடை தசை நீண்டுக்கிட்டே நம்ம எடையைத் தாங்கி பிரேக் போடுது, அதுல தசை நார்ல நுண்ணிய காயம் ஆகுது. அந்த வலி அப்பவே வராது, மறுநாள் ஆரம்பிச்சு ரெண்டாவது மூணாவது நாள் உச்சத்துக்கு போகும். கினபாலு உச்சியிலேர்ந்து திம்போஹோன் கேட் வரைக்கும் ஒரே நாள்ல 2,200 மீட்டருக்கு மேல இறக்கம், மறுநாள் கோத்தா கினபாலு ஏர்போர்ட்ல படியில பக்கவாட்டுல இறங்குறவங்களைப் பார்த்தா எங்க போய்ட்டு வந்தாங்கன்னு கேட்கவே வேணாம்.

சிண்டோரோவும் சும்பிங்கும் எதிரும் புதிருமா நிக்கிற எரிமலை, ரெண்டும் 3,100 மீட்டருக்கு மேல, சும்பிங் 3,371. நடுவுல இருக்கிற கிராமங்கள் 1,400 மீட்டரைச் சுத்தி இருக்கு, ஒரு மலை இறங்கி அங்க வந்து படுத்தா மூச்சுக்கு பெரிய தொந்தரவு இருக்காது. அங்க ரெண்டாவது மலையில ஆளை கவுக்கிறது கால்தான், முதல் நாள் இறக்கத்துல போன தொடையோட செங்குத்தான மண் பாதையில மறுபடி இறங்கினா கால் மடங்கி விழுற ஆபத்து நிஜமானது. ஆக, தூங்குற இடம் தாழ்வா இருந்தா காலை கவனிங்க, தூங்குற இடம் உயரமா இருந்தா மூச்சை முதல்ல கவனிங்க.

காலுக்கு நம்ம ஊர்லயே மருந்து இருக்கு. ஒரு தடவ நல்ல நீளமான இறக்கம் இறங்கி வலிச்சு ஆறின தசை, அடுத்த சில வாரத்துக்கு அதே மாதிரி இறக்கத்துல அவ்வளவு கிழியாது. அதனால பயணத்துக்கு ரெண்டு மூணு வாரம் முன்னாடி குனுங் நுவாங் மலை, 1,493 மீட்டர், முழுசா ஏறி இறங்கிட்டு வாங்க, முடிஞ்சா சனி ஞாயிறு அடுத்தடுத்து ரெண்டு நாள் நடந்து பாருங்க. பினாங்குல இருக்கிறவங்களுக்கு பொட்டானிக்கல் கார்டன்லேர்ந்து கொடிமலைக்கு போற ஜீப் ரோடு போதும், ஏறிட்டு களைப்புல டிரெயின் பிடிச்சு இறங்கிடாதீங்க, பயிற்சியே இறக்கத்துலதான் இருக்கு. கோண்டோவுல படி ஏறி பழகுறவங்களும் லிஃப்ட்ல இறங்குறதை விட்டுடணும்.

சாப்பாடும் இங்க சேரும். தொடர்ந்து ஏறுறப்ப தசையில சேமிச்சு வச்ச மாவுச்சத்து தீர்ந்து போகும், ராத்திரி சோறோ நூடுல்ஸோ உள்ள போகலன்னா மறுநாள் கால் ஓடாது. மேல பசி மந்தமாகும், அதனால கொஞ்சம் கொஞ்சமா அடிக்கடி சாப்பிடணும். தண்ணி தாகத்துக்கு தக்க குடிங்க, லிட்டர் லிட்டரா குடிச்சா மலை நோய் வராதுங்கிறது தப்பு, அளவுக்கு மீறி குடிச்சா ரத்தத்துல உப்பு குறைஞ்சு அது தனி ஆபத்து.

மாத்திரை, மெஷின், டின் ஆக்சிஜன்

டயமொக்ஸ் மாத்திரை பத்தி பயமும் அதிகம், நம்பிக்கையும் அதிகம். அது மூளை போடுற பிரேக்கை தளர்த்துற வேலையை வேகப்படுத்துது, சிறுநீரகத்தை காரத்தை சீக்கிரம் வெளியேத்த வைக்குது, அதாவது பழக்கத்தை துரிதப்படுத்துது, நோயை மூடி மறைக்கிறதில்ல. தடுப்புக்கு பெரியவங்களுக்கு வழக்கமா 125 மில்லிகிராம் ஒரு நாளைக்கு ரெண்டு வேளை, ஏறுறதுக்கு முதல் நாளே ஆரம்பிப்பாங்க. விரல் நுனி குறுகுறுக்கும், சிறுநீர் அடிக்கடி வரும். கட்டாயம் டாக்டரைப் பார்த்துட்டு எடுங்க, சல்ஃபா மருந்து ஒத்துக்காதவங்க, கர்ப்பிணிகள், சிறுநீரகப் பிரச்சனை இருக்கிறவங்க முதல்லயே அதை சொல்லிடணும். பனடால் தலைவலியை குறைக்கும், பழக்கத்துக்கு உதவாது. தூக்க மாத்திரையும் மதுவும் ராத்திரி மூச்சை இன்னும் மந்தமாக்கும், மேல வேணாம்.

கோவிட் சமயத்துல வாங்கின, ரத்தத்துல ஆக்சிஜன் எத்தனை சதவீதம்னு காட்டுற விரல் மெஷினை எல்லாரும் எடுத்துட்டு வர்றாங்க. பனலாபான்ல 88-ன்னு காட்டினா பதறாதீங்க, அந்த உயரத்துல 80-களோட பின்பாதி சாதாரணமா வர்ற எண், விரல் குளிர்ந்திருந்தா அதுவும் தப்பா காட்டும். எண் நல்லா இருக்கு, ஆனா ஆள் வாந்தி எடுக்கிறார்னா ஆளைத்தான் நம்பணும். கடையில விக்கிற டின் ஆக்சிஜன் சில நிமிஷத்துக்குதான் வரும், காசை சேமிச்சு இன்னொரு ராத்திரி தங்குங்க.

ஒரு தடவ பழகினா எத்தனை நாள் நிக்கும்

கோலாலம்பூர் திரும்பினதும் சில நாள்லயே பழக்கம் தேய ஆரம்பிச்சு, ரெண்டு மூணு வாரத்துல பெரும்பகுதி போயிடும். போன வருஷம் அன்னபூர்ணா பேஸ் கேம்ப் போனேன், அதனால இந்த வருஷம் வேகமா ஏறலாம்னு யாராவது சொன்னா அந்த கணக்கு செல்லாது, அவரும் முதல் நாள்லேர்ந்துதான் ஆரம்பிக்கணும். ஆனா போன தடவ உடம்பு எப்படி நடந்துக்கிச்சோ அது பெரும்பாலும் திரும்ப வரும், 3,300-ல ஒரு தடவ மோசமா படுத்தவர் அடுத்த தடவையும் அதே வேகத்துல போனா படுக்க வாய்ப்பு அதிகம். அதை குரூப்ல முன்னாடியே சொல்லி வைக்கணும், கைடுகிட்டயும் சொல்லணும், அட்டவணையில ஒரு நாள் கூட கேட்கணும்.